சுவருக்கு இந்தப் பக்கம்

எந்த வாத்தியம் கடினம் என்று
வாசிப்பவர்களைக் கேட்காதீர்கள்,
என்னைக் கேளுங்கள்.
கதான்ஸ்க் நகரின் டிராம் தண்டவாளங்களை
இரவெல்லாம் சாணை பிடித்துவிட்டு,
யார் யார் தூக்கத்தையோ பொடியாக்கிவிட்டு,
பகலில் படுக்கிறவன் நான்.
எங்கள் அடுக்ககத்துச் சுவர்கள்
பழைய அரசாங்கம் அவசரமாய் நிறுத்திவைத்த பலகைகள்.

ஐந்தாம் மாடியில் வித்தோல்தின் டிராம்போன்.
அந்தக் குழலில் கோடு கிடையாது, குறி கிடையாது.
இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி
சுருதியைத் துழாவுவார்.
ஆனால் உதடு என்று ஒன்று இருக்கிறதே, வீங்கிவிடும்.
நாற்பது நிமிடத்தில் தேநீர் போட எழுந்துவிடுவார்.
கெட்டில் மட்டும் சுத்தமாக விசிலடிக்கும்.

போஜெனாவின் ஓபோ வேறு ரகம்.
ஊதுவது கால் மணி,
அதற்கு நாணல் சீவுவது மூன்று மணி.
சீவிவிட்டு ஊதிப் பார்ப்பாள்: வாத்து.
இன்னும் கொஞ்சம் சீவினால், மறுபடி வாத்து.
நவம்பரில் ஒரு நாள்
வாத்து இல்லாத ஏதோ ஒன்று வந்தது.
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
மறுநாளே அந்த நாணல் பிளந்துவிட்டது.
சுவர் வழியே வந்த கெட்ட வார்த்தையை
நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

பியானோ சுலபம் என்பேன்,
தொட்ட இடத்தில் ஸ்வரம் தயாராக இருக்கிறதே.
தரைத்தளத்துப் பையன் கேட்டால் அழுவான்.
அவனுடைய இரண்டு கைகளுக்கும்
பேச்சுவார்த்தை இல்லை.

என் தலையணைக்கு நேர் பின்னால் கொர்னேலியா.
பல் மருத்துவமனையில் வேலை,
முப்பத்தாறு வயதில் வயலின்.
அக்டோபரிலிருந்து எட்டே ஸ்வரங்கள்.
ஏழாவதில் வழுக்கும்,
மேசையிலிருந்து பூனை இறங்குவதுபோல
சத்தமில்லாமல் கொஞ்சம் கீழே.
நிறுத்துவாள். முதலிலிருந்து வருவாள்.
ஆறாவதில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
குளிர்காலம் முழுக்க
நாங்கள் இருவரும் அப்படித்தான் விழுந்தோம்,
அவள் நின்றபடி, நான் படுத்தபடி.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஏழாவது நின்றது.
நம்பாமல் மறுபடி வாசித்தாள், நின்றது.
நாலு தடவை.
என்னை அறியாமல் சுவரில் தட்டிவிட்டேன்,
இரண்டு தட்டு, சபாஷ் என்கிற அர்த்தத்தில்.
சட்டென்று நிறுத்திவிட்டாள்.
வில்லைப் பெட்டியில் வைக்கிற சத்தம்
பெட்டியைவிட மெதுவாகக் கேட்டது.

அன்றிரவு காதடைப்பானை மாட்டிக்கொண்டு
தண்டவாளத்தின் மேல் குனிந்தபோது
எட்டையும் முணுமுணுத்துப் பார்த்தேன்.
ஆறு வரை சரி.
ஏழாவது வழுக்கியது.
திரும்ப வந்தேன், வழுக்கியது.
விடிகிற வரை எனக்கு
அவள் விட்டுவிட்ட அந்தத் தப்புதான் வருகிறது.