இருபத்து நாலு கிண்ணம்

சனிக்கிழமை சாயங்காலம், மஞ்சக்குப்பத்தில்
பம்புசெட் கடை மாடியில்
திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது என் முறை.
விரலளவுக் கண்ணாடி, இருபத்து நாலு.
சாம்பல் வேண்டாம், கீறும் என்பார் மூப்பர் யாப்பேஸ்;
சீயக்காயும் வேண்டாம், வாசம் தங்கும்.
வெந்நீர், மெல்லிய துணி, பொறுமை.

எங்கள் சுவரில் படமில்லை, சிலுவையுமில்லை.
வீட்டுக்காரர் எப்போதோ மாட்டிய முருகன் காலண்டரின்
ஆணி மட்டும் இருக்கிறது.

பதினெட்டாவது கிண்ணத்தில் கை நின்றது.
தலைகளை எண்ணிக் கிண்ணம் வைக்கிறவள் நான்.
பதினெட்டு, சற்குணவதி.

கெடிலம் வீட்டுக்குள் வந்த கார்த்திகையில்
அரிசிப் பட்டியல் எழுதியதும் இந்தக் கைதான்.
குடும்பத்துக்குப் பத்துக் கிலோ, ஒரு பாய், ஒரு போர்வை.
அவள் பெயரை எழுதினேன்.
பிறகு ஒரு கோடு.
வேறு காரணமில்லை,
என் மகள் நிச்சயதார்த்தத்தில் அவள் சொன்ன
ஒரு வார்த்தையைத் தவிர.
"விட்டுப்போச்சு" என்றேன் உதவிக்காரரிடம்.
அதற்குள் மூட்டை தீர்ந்திருந்தது.

போன வாரம் மூப்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள்,
விருந்துக்கு முன் வழக்கம்போல.
"யாரோடயாவது மனத்தாங்கல் இருக்காம்மா?"
காபியை ஆற்றியபடி, "இல்லீங்கய்யா."
ஏடு படியுமுன் குடித்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள்.

கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு
தேவனாம்பட்டினத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.
பழமோ பிஸ்கட்டோ வாங்கவில்லை.
வாங்கியிருந்தால்
விலை பேசப் போனவளாகியிருப்பேன்.

குழாயடியில் கவலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.
மழை என்று சொல்லவில்லை. அவசரம் என்றும் சொல்லவில்லை.
"நான்தான் அடிச்சேன். வேணும்னே."

கத்தி நிற்கவில்லை.
"தெரியும்.
ஜெராக்ஸ் எடுத்தது என் தம்பி கடையிலதானே.
கோடு நல்லாவே விழுந்திருந்துச்சு."

இரண்டு வருஷம்.
இரண்டு வருஷமாக என் பின்வரிசையில் உட்கார்ந்து
பாட்டில் என் சுருதி சரியும் இடங்களில்
தன் குரலை உயர்த்தி என்னைத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

"பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சாக்கு விரிச்சுப் படுத்துதுங்க.
ஆறு ராத்திரி. அத நீ தெரிஞ்சுக்கணும்."
தெரிந்துகொண்டேன்.
"நாளைக்கு வருவேன். மூப்பருங்ககிட்ட நீயே சொல்லு."
மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
என் புடவையில் ஒட்டியிருந்த செதிலைக் காட்டினாள், அவ்வளவுதான்.

போனில் யாப்பேஸ் வெகுநேரம் பேசவில்லை.
மின்விசிறிச் சத்தம் கேட்டது.
"அந்தப் பத்துக் கிலோவைத் திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுங்க.
உதவிக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க."
"நாளைக்கு நான் வரலாமாய்யா?"
"தகுதி பாத்தா மேசையே போட முடியாதும்மா. பசியோட வாங்க."

உலகம் உண்டாகுமுன்னே எழுதிய பட்டியல் ஒன்று உண்டென்று
போதகர் ஞாயிறு காலை ஐம்பது நிமிஷம் பேசினார்.
கீழே யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள்;
பாதி கேட்கவில்லை.
கேட்ட பாதி போதுமாயிருந்தது.
நான் எழுதாத பட்டியல்.
என் கணக்கு முழுக்கத் தெரிந்தும்
என் பெயர்மேல் கோடு போடாத கை.

அப்பம் வந்தது. பிறகு தட்டு,
இந்த முறை பின்வரிசையிலிருந்து.
துணி நூல் ஒட்டிய கிண்ணம் ஒன்று இருந்தது.
சற்குணவதி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அடுத்ததை எடுத்துக்கொண்டு
அதை எனக்கு விட்டாள்.

குடித்தேன், நூலோடு.