மழை இல்லாத படம்

ரங்கூன் முப்பத்தொன்பதாம் தெரு,
டீக்கடையின் குட்டை ஸ்டூலில் மூன்று பேர்
இடைவேளைக்குப் பிந்தைய சண்டையை
மறுபடி போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏன் இடக்கையால அடிக்கிறான்? சேதி இருக்கு"
என்றான் மாசானம்.
"வலக்கை சுளுக்கியிருக்கும்" என்றான் சோ வின்,
வீட்டில் அவன் அரியநாயகம்.
எனக்கு அந்தக் குடைதான்.
மழையே இல்லாத படத்தில்
வில்லன் வரும்போதெல்லாம்
ஓரத்தில் ஒன்று விரிகிறது.

"அப்ப குடை யாரு?"
மாசானம் சத்தமாகக் கேட்டுவிட்டான்.
பக்கத்து மேஜையில் பச்சைக் கைலிக்காரர்
வெகுநேரமாய்ப் பேப்பரைத் திருப்பவில்லை.

"குடைன்னா குடை."
"ஆமா. வெயிலு."
முத்தச் சத்தத்தில் பையனைக் கூப்பிட்டு
இன்னும் மூன்று டீ சொன்னோம்.

அப்புறம் ஸ்டைல் மட்டும் பேசினோம்:
பின்னால் வளையும் இடுப்பு, கறுப்புக் கண்ணாடி,
காதோரம் ஊர்ந்து கடக்கும் தோட்டா.
"அது மட்டும் பொய். வர்றதே தெரியாது"
என்ற அரியநாயகம்
காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

கைலிக்காரர் காசு வைத்தார்.
எங்களைக் கடக்கும்போது நல்ல தமிழில் சொன்னார்:
"கடைசி ஷாட்ல அது மடங்குது. கவனிச்சீங்களா?"

அதற்கு என்ன அர்த்தம் என்று
இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்,
வேறு கடையில்.