வெள்ளைச் சூடு

பகலில் இது சூரியத் தகடு பார்க்கிற கருவி.
சம்பூர் வெளியில் நிரைநிரையாய்ச் சரிந்து கிடப்பவற்றில்
எதற்குக் காய்ச்சல் என்று
மேலே நின்று சொல்லும்.
கம்பனிச் சொத்து. இரவில் எடுக்கக் கூடாது.
எடுத்தேன்.

இஜாஸ்தான் போன் பண்ணினான், ஏழே முக்காலுக்கு.
நல்லையன் அண்ணனின் வெடி பட்டிருக்கிறது,
மான் விழவில்லை,
இளக்கந்தைக் காட்டுக்குள் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.
டோச் அடித்துத் தேடினால் ஆமி வரும்.
தேடாமல் விட்டால் நரி.
"உன்ட சாமான் சூட்டைப் பார்க்கும்தானே?"

பார்க்கும்.
ரத்தத்தைக்கூடக் கொஞ்ச நேரம் பார்க்கும்.
சருகில் விழுந்த சொட்டு
எள்ளளவு வெள்ளையாய் நின்று
பிறகு சருகாகிவிடும்.

வீரை மரங்களுக்கு நடுவே ஒரு மணல் திட்டு.
அங்கே வைத்துக் கிளப்பினேன்.
நான்கு விசிறியும் சேர்ந்து அந்தச் சத்தம் எழும்பியதும்
பக்கத்தில் நின்ற நல்லையன் அண்ணனைக் காணவில்லை.

இஜாஸ் சிரித்தான்.
நானும் சிரித்திருப்பேன், திரையைப் பார்க்காதிருந்தால்.
பத்தடி தள்ளி, மரத்தின் அடியில்,
முழங்கால் நெஞ்சில் முட்ட,
இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு
ஒரு வெள்ளை.
மான் அளவு.

"வண்டு" என்றார், எழும்பாமலே.
"இதே இரைச்சல்தான். வண்டு சுத்திப்போட்டுப் போனா
பின்னால ஷெல் வரும்."

மேலே போய்விட்டது, கேட்காது, எழும்புங்கள் என்றேன்.
எழும்பினார். சாரத்து மண்ணைத் தட்டினார்.
வெட்கப்பட்டவர்போல மானைப் பற்றியே கேட்டார்.

பகல் வெயிலை இன்னும் விழுங்காமல் வைத்திருந்த பாறைகள்,
ஒரு புற்று,
சேற்றில் இரண்டு எருமை,
எதையோ கேட்டு நின்ற முயல்.
ஓடையின் வளைவில், முந்நூற்று நாற்பது மீற்றரில், அது.
பாறையில்லை. ஓரங்கள் ஏறி இறங்கின.

உயிர் இருந்தால் அறுக்கலாம், தனக்கும் ஆகும் என்று
இஜாஸ் பிஸ்மியை வாய்க்குள் வைத்துக்கொண்டு
கத்தியோடு ஓடினான்.
நான் திரையில் இரண்டு வெள்ளையையும் பார்த்தேன்,
ஓடுவதையும் கிடப்பதையும்.
அவன் பாதித் தூரம் போகமுன்
ஓரங்கள் நின்றுவிட்டன.
சொல்லக் கூப்பிடவில்லை. ஓடட்டும் என்று விட்டேன்.

"எங்கட பக்கம் ஒருக்காத் திருப்பு" என்றார் நல்லையன் அண்ணன்.
திருப்பினேன்.
அவர் வீரையின் கீழ் போய் நின்றார்.
"இப்ப தெரியுதோ?"
தெரியுது.
இன்னும் அடர்ந்த ஒன்றின் கீழ் குந்தினார்.
"இப்ப?"
இலை கொஞ்சம் மறைத்தது.
இடுக்குகளில் அவர் துண்டு துண்டாய் இருந்தார்,
தோள், ஒரு காது, பாதம்.
கொஞ்சம் தெரியுது, என்றேன்.

வந்து பக்கத்தில் நின்றார்.
"இருபத்தொரு பேர். அஞ்சு நாள்.
வீரைக்குக் கீழ படுங்கோ,
மேல இருந்து பார்த்தா ஒண்டும் தெரியாது எண்டு
நான்தான் சொன்னனான்."

பற்றரி முப்பது வீதம் என்று கருவி கத்தியது.
அவர் தலை குனிந்ததைப் பார்த்து நிறுத்தப் பார்த்தேன்.
அந்தக் கத்தலை நிறுத்த வழியில்லை.

மானிடம் போனபோது இஜாஸ் கத்தியை உறையில் போட்டிருந்தான்.
நல்லையன் அண்ணன் தன் கத்தியை எடுக்கவில்லை.
உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்து
கனநேரம் இருந்தார்.
"செத்தாப்பிறகு எவ்வளவு நேரம் அதுல தெரியும்?"
நிலத்தைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது என்றேன்.
நெருப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மறுநாள் பதினேழாம் நிரையில் ஒரு தகடு காய்ந்தது.
இலக்கத்தைக் குறித்தேன்.
கம்பனி பார்க்கமுன் இரவுப் படங்களை அழிக்கவேண்டும்.
மானை முதலில் அழித்தேன், லேசாய்ப் போயிற்று.
மரத்தடியில் மடிந்து கிடந்ததை
அழிக்கவா என்று கருவி கேட்டது.
விரலைத் திரையில் வைத்துக்கொண்டிருந்தேன்.
வெயில் ஏறி,
தகடுகள் எல்லாமே ஒரே வெள்ளையாகிக்கொண்டிருந்தன.