நிறம் பிடிக்காத இடம்

உலர்பனியில் பொதிந்து வந்தது,
சாந்தியாகோ கிடங்கில் மூன்று நாள் வீணாய்க் கிடந்து.
சுண்டுவிரல் உயரக் குப்பி.
உள்ளே ஒரு மில்லிக்கும் குறைவு.
எங்கோ ஒரு முயலின் உடல்
தனக்குச் சம்பந்தமே இல்லாத பகையொன்றைக்
கற்றுக்கொண்டதன் மிச்சம்.

வால்டிவியாவில் மழை.
இங்கே அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
சன்னலுக்கு அப்பால் ஆறு,
மீன்சந்தைப் படிகளில் கடல்சிங்கங்கள்
கழிவுத் தலைகளுக்காக உறுமுகின்றன.

என் மேசையில் ஒரு மெழுகுக் கட்டி.
அதற்குள் நூல் போல ஈரல் துணுக்கு.
ஆண், நாற்பத்தொன்று, கொர்ரால் துறைமுகம்.
கேள்விக்கான கட்டத்தில்
டாக்டர் எபென்ஸ்பெர்கரின் கோழிக்கிறுக்கல்:
இது எங்கிருந்து வந்தது?

மூன்று மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்.
வெந்நீரில் நாடா மிதக்கிறது;
மூச்சை அடக்கிக் கண்ணாடியில் ஏந்துகிறேன்.
கொதிக்கவைத்து, ஆறவைத்து, கழுவி,
நூற்றில் ஒரு பங்காய் நீர்த்த பகையில்
ஒரு துளி.
அரைமணி நேரம் யாரோடும் பேச வேண்டியதில்லை.

பழுப்பு.
உட்கரு ஒவ்வொன்றிலும் காப்பிக் கறை.
குடியிருப்பது ஈரலில்,
சொந்த ஊர் குடல்.
பெயரை மாற்றிச் சொல்லி வீடு பிடித்தவன்
கோபத்தில் பேசிய ஒரு சொல்லில்
மாட்டிக்கொண்டான்.

"வயது குறைவு, எலியானா. நாலையும் போட்டுப் பார்."

நாலு என்றால் நான்கு பிழைதிருத்துநர்கள்.
செல் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம்
எழுத்துப் பிசகைக் கண்டு பிடுங்குபவர்கள்.
வேலைக்கு வந்திருக்கிறார்களா என்று
பெயர் கூப்பிட நான்கு குப்பிகள்.

முதல் இருவர் பழுப்பில் கை தூக்கினார்கள்.
மற்ற இரண்டு கண்ணாடிகளிலும்
கட்டி வெறும் நீலம்.

முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
துளி விட மறந்தேனா?
இரவில் குளிர்பெட்டி நின்றுபோனதா?
சாந்தியாகோவின் அந்த மூன்று நாளா?

ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும்
சாட்சிக்கு ஒரு குடல்வால் சீவல் வைப்போம்.
பல வருடம் முன்பு யாரோ ஒரு பெண்ணிடம் அறுத்தது.
பெயர் இல்லை, எண் உண்டு.
ஒசோர்னோவில் இந்நேரம் பேருந்துக்கு நிற்பாளாயிருக்கும்,
தன்னில் ஓர் இழை இங்கே தினமும்
கூண்டேறுவது தெரியாமல்.
அவள் பழுப்பாகத்தான் இருந்தாள்.
கட்டியின் இடுக்குகளில் அலைந்த
அவனுடைய வெள்ளணுக்களும் பழுப்பு.
குப்பி பொய் சொல்லவில்லை.
நானும் பிசகவில்லை.
பிசகியிருக்கலாம் என்று
அன்றைக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன்.

பன்னிரண்டு வருடமாக
நிறம் வரவழைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வராததைத் தாளில் எழுதும்போது
பேனா கொஞ்சம் நிற்கிறது.

வராத இருவரும்
வழியில் தொலைந்தவர்களாகவும் இருக்கலாம்.
பிறக்கும்போதே பாதி வராதவர்களாகவும் இருக்கலாம்,
அப்பன் வழியோ, ஆத்தாள் வழியோ.
அதற்கு ரத்தம் பார்க்க வேண்டும்.
அது தலைநகருக்குப் போகும், என் மேசைக்கு வராது.

டாக்டர் தொலைபேசியை எடுத்தார்.
கூடப்பிறந்தவர்கள் உண்டா?
கொர்ராலில் யாரோ விரல்விட்டு எண்ணுவது
எனக்கே கேட்டது.
ஐந்து பேர்.
ஒருத்தி படகில் போயிருக்கிறாள்,
அங்கே சிக்னல் கிடைக்காது,
இருட்டிய பிறகு கூப்பிடுங்கள்.