எண்பதைத் தாண்டாதவன்

பங்க்கில் இறங்கியதும் ஜுராந்திர்
பெட்ரோல் விலையை ஏழால் பெருக்கிப் பத்தால் வகுப்பான்.
கரும்புச் சாராயம் அதற்குக் கீழே என்றால் சாராயம்.
இன்று நாலு சென்டாவோ மேலே.
பின்னால் மூன்று ஹாரன்.
"பெட்ரோலே போடு"
என்றான், சீட்டாட்டத்தில் தோற்றவன் போல.

விட்டதை மெதுவாகப் போய்ப் பிடிக்க வேண்டுமாம்.
பவுரு வரைக்கும் எண்பதுதான்.
ஏசி கிடையாது.
கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியை இழுக்குமாம்.
என் மடியில் தங்கை வால்திரேனியின் கல்யாணக் கேக்,
ஓரமெல்லாம் இளகி.

அப்போதுதான் முந்தியது
கரும்பு லாரி, மூன்று பெட்டி கோத்தது.
அடுத்த வாரம் இந்த வண்டி குடிக்கப்போவது
எங்களைவிட அவசரமாக.

ஒரு கழி உருவி விழுந்து
பானெட்டில் தட்டி உருண்டது.
ஜுராந்திர் பேசவில்லை.
முள் மட்டும் எண்பத்திரண்டைத் தொட்டுவிட்டு
வந்த வழியே திரும்பியது.