பச்சைப் பொய்

அஸ்பாரூ மேசையில் போட்டது
நகத்தளவு ஒரு முத்திரை.
இதய நோய் மாத்திரைப் பெட்டியின் ஓரத்திலிருந்து
கத்தியால் பெயர்த்தது.
பச்சை. சற்றே சாய்த்தால் செம்பு.
"வியாழக்கிழமைக்குள் நாலாயிரம்."

முப்பது வருடம் பிளோவ்டிவில்,
ரயில்பாதைக்குப் பின்னால் இந்தக் கார் கொட்டகையில்
நான் அச்சிடாத நிறம் இல்லை.
கோன்யாக் புட்டிச் சீட்டின் தங்கம்,
பிரேக் கட்டைப் பெட்டியின் சிவப்பு,
ஒருமுறை ஒரு மந்திரியின் மருமகனுக்குப்
பட்டச் சான்றிதழின் ஊதா.

ஸ்கேனரில் வைத்தேன்.
சேற்று நிறத்தில் ஒரு கறை வந்தது.
ஸ்பிரிட்டில் நனைத்தேன், நிறம் போயிற்று.
ஒழிந்தது என்று எழுந்தபோது
காய்ந்து திரும்பி வந்தது.
ஊசியால் சுரண்டினேன்.
முனையில் வெள்ளைத் தூள். வெறும் வெள்ளை.
பச்சை எங்கே போனது?

அதில் மையே இல்லை என்று விளங்க
இரவு இரண்டு மணி ஆயிற்று.
கண்ணுக்கெட்டாத மணிகளை
கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல் அடுக்கி
வெளிச்சத்தில் பச்சையை மட்டும்
திருப்பி அனுப்புகிறார்கள்.
சாயம் இருந்தால்தானே வெளுக்கும்.

குனிந்து பார்க்கையில் என் மூச்சுப் பட்டு
அது சிவந்தது.
மூச்சை அடக்கினேன். பச்சை.
விட்டேன். சிவப்பு.
விடியும்வரை, வேலையை மறந்து,
அதன்மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழனன்று "முடியாது" என்றேன்,
இந்தத் தொழிலில் முதல்முறையாக.
அஸ்பாரூ சிரித்தான்.
"பச்சையாக அடி ரூமென், போதும்.
மாத்திரைப் பெட்டியை எவன் ஊதிப் பார்க்கிறான்?"

அதுவும் சரிதான்.
மஞ்சளில் நீலம் கலந்து நாலாயிரம் அடித்தேன்.
நல்ல பச்சை.
எந்தப் பக்கம் சாய்த்தாலும் பச்சை.

பிப்ரவரியில் ஒரு நாள்
இருபத்தாறாம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம்.
எஞ்சினை அணைத்த ஓட்டுநர்
கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.
பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.
குளிரில் விரலுக்கு ஊதுவதுபோல்
அதன் ஓரத்தில் ஊதினாள்.

இறங்கியிருக்கலாம்.
கதவு திறந்துதான் இருந்தது.

மறுபடி ஊதினாள், நீளமாக.
தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"உங்களுக்குத் தெரியுமா,
இது மாற எவ்வளவு நேரம் பிடிக்கும்?"