உச்சவரம்பு

வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் உறைந்துவிடும்.
ஏரி அதற்கு முன்பே உறைந்துவிட்டது.
மில்வாக்கியில், பதினோராம் மாடியில்,
ஒரு டிரக்கின் பதிவுச் சான்றிதழைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

சாம்பல் நிறம். நான்கு கதவு. போன வருட மாடல்.
உரிமையாளர்: லிண்ட்குவிஸ்ட் மோட்டார்ஸ், டுலூத்.
ஓட்டுவது டெய்னோர் அரியோலா,
டுலூத் ஹார்பரின் இடது விங்கர்,
லா செய்பா கடற்கரையிலிருந்து வந்து
பனியில் பிரேக் போடக் கற்றுக்கொண்டவன்.
மாதத் தவணைக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்,
முட்டை மாதிரி,
யாரோ அடைகாப்பது மாதிரி.

லிண்ட்குவிஸ்ட் யாரென்று தேட நாற்பது நிமிடம்.
கிளப் முதலாளியின் மச்சினன்.
உள்ளூர்ப் பத்திரிகையில் கல்யாணப் படம்கூட இருக்கிறது,
முதலாளி கோட்டில் ரோஜா, பக்கத்தில் இவர், வாயில் கேக்.

போன வருடம் ஒரு ஓவியம் பிடித்தேன்:
ஸ்ட்ரைக்கர் ஒருவன் வரைந்த பழக்கிண்ணம்,
எழுபதாயிரத்துக்கு விற்றிருந்தது.
வாங்கியவர் கிளப்பின் பல் டாக்டர்.
ஆரஞ்சுக்கு நிழலே இல்லை அதில்.

தொலைபேசியில் மேலாளர் கர்ட் ஹாக்லண்ட்:
"அது சம்பளமில்லை, பெட்ரா. அன்பு.
டுலூத்துக்கு அந்தப் பையன்மேல் ஓர் இது."
அந்த இதுவுக்குச் சந்தை வாடகை போட்டேன்:
மாதம் தொள்ளாயிரத்து நாற்பது டாலர், பத்து மாதம்.
காலையில் உச்சவரம்புக்கு மூவாயிரத்து நூறு கீழே இருந்தவர்கள்
மதியம் ஆறாயிரத்து முந்நூறு மேலே.

இந்த விதியை நான் நம்புகிறேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
இது இல்லையென்றால் கோப்பை எந்த ஊருக்கென்று
பிப்ரவரியிலேயே தெரிந்துபோகும்.
மூன்று வருடம் முன்னால் பியோரியா ஜெயித்த இரவு
மழையில் நின்று கத்திய பதினோராயிரம் பேரில்
நானும் ஒருத்தி.
நடுநிலையாகத்தான் கத்தினேன்.

மூன்று மணிக்கு எழுதினேன்:
அபராதம் தனியே. மிகுதியை ஐந்துக்குள் இறக்கவும்.
டிரக்கைத் திருப்பினாலும் கணக்கு திரும்பாது.
எப்படி இறக்குவது என்பது கிளப்பின் விருப்பம்.

அரியோலா சம்மதித்தால் அவன் சம்பளத்தில் கழிக்கலாம்.
யாரும் அவனைக் கேட்கவில்லை.
ஹாக்லண்ட் பட்டியலின் அடிக்குப் போனார்.
இருபத்தெட்டாம் பெயர், வெண்டல் ப்ரூயிட்,
மூன்றாவது கோல்கீப்பர்,
ஒரு நிமிடம்கூட ஆடாதவன்,
குறைந்தபட்சச் சம்பளம்,
உத்தரவாதம் ஐந்து மணிக்குத்தான் தொடங்கும்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு விலக்கல் படிவம் வந்தது.
ஆறாயிரத்து முந்நூறுக்காக
அறுபத்தெட்டாயிரத்தைக் கழித்திருந்தார்கள்.
கூட்டிப் பார்த்தேன்.
மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
கூரை மேலே இருக்கிறது, ஒழுகுவது கீழே படுத்தவன்மேல்.
திரையில் பச்சை விளக்கு.
'விதிக்கு உட்பட்டது' என்ற முத்திரை என்னுடையது, குத்தினேன்.
டிரக் டுலூத்திலேயே நிற்கிறது, முழுக்கச் சட்டப்படி.

ஏழரைக்கு ஒரு மின்னஞ்சல்.
முகவர் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் நடை:
'மேடம், கையேடு முழுக்கத் தேடிவிட்டேன்.
கிளப் கொடுத்த அறையில் எத்தனை நாள் இருக்கலாம்?
என்னிடம் பூனை இருக்கிறது.
தொந்தரவுக்கு மன்னிக்கவும். வெண்டல்.'

பிரிவு பதினான்கு, உட்பிரிவு மூன்று: முப்பது நாள்.
அதை மட்டும் அனுப்பினேன்.

டெசிலுத் தெருவில் என் தங்கையின் மாடி காலியாக இருக்கிறது.
பூனைக்கும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.
தட்டச்சு செய்தேன், பிறகு அழித்தேன்.
லீக் ஊழியர் ஆட்டக்காரருக்குத் தரும் எதுவும் பரிசு.
பரிசென்றால்
நாளைக் காலை முதல் வேலையாக
அதற்கு நான் விலை போட வேண்டும்.